டிசம்பர் லீவுல இலங்கைல சர்ஃபிங்: எங்க தங்கறது, எந்த அலைக்குப் போறது

கேள்வி இதுதான்: கிறிஸ்துமஸ் லீவுல ஒன்பது நாள், நீங்களும் உங்க வீட்டுக்காரரும், நீங்க சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்துல பத்து சர்ஃபிங் க்ளாஸ் முடிச்சிருக்கீங்க, அவருக்கு இடுப்பு வரைக்கும் தண்ணி வந்தாலே வயித்தைக் கலக்கும், இலங்கை போலாம்னு முடிவு, அருகம்பேல ரூம் பாத்து வெச்சிருக்கீங்க, அட்வான்ஸ் கட்டலாமா அக்கான்னு கேட்டிருக்கீங்க.

கட்டாதீங்க. ஏற்கனவே கட்டிட்டீங்கன்னா அதுக்கும் ஒரு வழி இருக்கு, கடைசில சொல்றேன்.

அருகம்பே மேல ஆசை வர்றது புரியுது. போட்டோல பாத்தா யாருக்கும் வரும், அதுவும் பொத்துவில் பக்கம் எல்லாரும் தமிழ் பேசுவாங்க, நமக்கு ஊர் மாதிரியே இருக்கும், நானும் அந்த ஒரே காரணத்துக்காக முதல்ல அங்கதான் போகணும்னு நின்னவ. ஆனா அது கிழக்குக் கரை. நமக்கு எந்த வடகிழக்கு பருவக்காத்து மழை கொண்டு வருதோ அதே காத்துதான் அங்கயும் அடிக்குது, வேளச்சேரில முட்டி அளவு தண்ணி நிக்கற சீசன்லதான் அங்கயும் கொட்டும், டிசம்பர் ஜனவரிதான் அவங்களுக்கு நல்ல மழை. காத்து கடல்லேர்ந்து நேரா கரையைப் பாத்து அடிக்கறதால அலை எல்லாம் ஒழுங்கே இல்லாம கலைஞ்சு கிடக்கும். பாதி கெஸ்ட் ஹவுஸ் மூடிடுவாங்க. அருகம்பே சீசன் ஏப்ரல் கடைசில ஆரம்பிச்சு செப்டம்பர் அக்டோபர் வரைக்கும், அவ்ளோதான்.

டிசம்பர்ல போறதுன்னா தெற்குக் கரை. ஏன்னு தெரிஞ்சுக்கிட்டா நீங்களே எந்த ஊருன்னு முடிவு பண்ணிடலாம், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. இலங்கைத் தெற்குக் கரைக்கு அலை வர்றது ரொம்ப தூரத்துலேர்ந்து, அண்டார்டிகாவுக்கு வடக்க தெற்கு இந்தியப் பெருங்கடல்ல அடிக்கற புயல்லேர்ந்து கிளம்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு வருது. நம்ம டிசம்பர் அங்க கோடைக்காலம், புயல் கொஞ்சம் அடங்கி இருக்கும், அதனால அலை சின்னதா, மூணு நாலு அடி, சில நாள் அஞ்சு அடின்னு வரும். அதே நேரம் காத்து வடகிழக்குலேர்ந்து வருது, நடுவுல மலையும் நிலமும் தாண்டி வர்றதால தெற்கு தென்மேற்குக் கரைக்கு வரும்போது அது நிலத்துலேர்ந்து கடலைப் பாத்து அடிக்கற காத்தா மாறிடுது. கோவளத்துல மீன் புடிக்கறவங்க வாடைன்னு சொல்லி சலிச்சுக்கற காத்து, அங்க போனா அலையோட முகத்தை இஸ்திரி போட்ட மாதிரி வழவழன்னு ஆக்கிக் குடுக்கும். சின்ன அலை, சுத்தமான முகம், 27, 28 டிகிரி வெதுவெதுன்னு தண்ணி, கத்துக்கற ஆளுக்கு இதுக்கு மேல என்ன வேணும்.

மத்த தீவுங்களையும் நீங்க யோசிச்சிருப்பீங்க, ஒரே மூச்சுல சொல்லிடறேன். மாலத்தீவுக்கு அலை சீசன் மார்ச்லேர்ந்து அக்டோபர், டிசம்பர்ல போனா நல்லா மிதக்கலாம், சர்ஃபுக்குன்னு அவ்ளோ காசு குடுத்துப் போக வேணாம். பாலில டிசம்பர் மழைக்காலம், கிழக்குப் பக்கம் கெராமாஸ், சானூர் எல்லாம் நல்லா வேலை செய்யும் ஆனா அது ரீஃப், அதாவது கீழ பூரா பவளப்பாறை, உங்களுக்கு இல்ல, பழகறவங்க போற கூட்டா கடற்கரைப் பக்கம் அந்த மாசங்கள்ல குப்பை கரை ஒதுங்கும். அந்தமான்ல லிட்டில் அந்தமான் பட்லர் பே சூப்பர் இடம்தான், ஆனா அதுக்கும் தென்மேற்குலேர்ந்து உருண்டு வர்ற தூரத்து அலை வேணும், டிசம்பர் அதுக்கு நேரம் இல்ல. ஹவாய் வடக்குக் கரைல டிசம்பர்ல அலை வீட்டு மொட்டை மாடி உயரம் வரும், அது கரைல உக்காந்து சுண்டல் சாப்ட்டுக்கிட்டே பாக்கறதுக்கு.

சரி, தங்கற விஷயம். எல்லாரும் பண்ற தப்பு, ரூமை முதல்ல புடிச்சுட்டு அப்பறம் அலையைத் தேடறது. நான் முதல் தடவை அப்படித்தான் பண்ணேன். காலிங்கற ஊருக்குப் பக்கத்துல உள்ள தள்ளி ஒரு வீடு, ஸ்விம்மிங் பூல், பால்கனி, மயில் வேற வந்து போகும், பேர் எதுக்கு, நல்ல மனுஷங்கதான். அங்கேர்ந்து நான் ஏறக்கூடிய அலைக்கு ஆட்டோல முக்கால் மணி நேரம். தினம் காலைல எழுந்து, டீ வர்ற வரைக்கும் காத்திருந்து, ஆட்டோவுக்கு போன் பண்ணி, போர்டு வாடகைக்கு எடுத்து, தண்ணில கால் வைக்கும்போது ஒன்பதரை. பத்து மணிக்கு மேல கடல் காத்து திரும்ப ஆரம்பிச்சுடும், தண்ணி முகமெல்லாம் சுருக்கம் விழுந்துடும், அதுக்குள்ள சர்ஃப் ஸ்கூல் கூட்டம் பூரா இறங்கியிருக்கும். அஞ்சு நாள்ல ரெண்டே நாள்தான் உருப்படியா அலை ஏறினேன், மிச்ச நாள் அந்த பூல்ல படுத்துக்கிட்டு என்னை நானே திட்டிக்கிட்டிருந்தேன். அங்க அந்த மாசத்துல சூரியன் ஆறேகால் ஆறரைக்கு எழும், நீங்க அப்போ போர்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு செருப்பு கூட போடாம நடந்து போற தூரத்துல தங்கணும். ஏசி இல்லனாலும் பரவால்ல, பால்கனி இல்லனாலும் பரவால்ல. அதுவும் நீங்க ஆசைப்படற அலைக்குப் பக்கத்துல இல்ல, இன்னிக்கு உங்களால ஏற முடியற அலைக்குப் பக்கத்துல.

அதனால முதல்ல உங்க லெவல் என்னன்னு கூச்சப்படாம சொல்லிக்கோங்க. பத்து க்ளாஸ்னு சொல்றீங்க. கோச் பின்னாடிலேர்ந்து தள்ளி விட்டு எந்திரிச்சீங்களா, இல்ல நீங்களே திரும்பிப் பாத்து, இந்த அலைதான்னு முடிவு பண்ணி, கையால துழாவி பாடில் பண்ணி, உடையாத பச்சை அலைல எழுந்து நின்னு பக்கவாட்டுல போனீங்களா? ரெண்டாவது வகைன்னா பத்துல எத்தனை தடவை? ஆறு ஏழுன்னா ஒரு பேச்சு, ஒண்ணு ரெண்டுன்னா வேற பேச்சு. கோவளத்துல கோச் எல்லாம் அந்தக் கடல்லயே பொறந்து வளந்த பசங்க, எப்போ தள்ளணும்னு அவங்களுக்குத் தெரியும், நம்மளுக்கு நம்மதான் ஏறினோம்னு ஒரு நினைப்பு வந்துடும், எனக்கு ரெண்டு வருஷம் அந்த நினைப்பு இருந்துச்சு.

பத்து க்ளாஸ்ல இருக்கற பெரும்பாலான ஆளுங்களுக்கு நான் சொல்றது வெலிகமா. வெலிகமான்னாலே மணல் ஊருன்னு அர்த்தம், கீழ பூரா மணல், அகலமான வளைகுடா, விழுந்தா ஒண்ணும் கிழியாது. அலை மெதுவா உடையும், உடைஞ்ச வெள்ளை நுரை ரொம்ப தூரம் உருண்டு வரும், மேல மெத்துன்னு இருக்கற எட்டடி சாஃப்ட் டாப் போர்டுல படுத்து எந்திரிச்சுப் பழக அதைவிட நல்ல இடம் நான் பாக்கல. கரை முழுக்க போர்டு வாடகைக்கு விடறவங்க வரிசையா இருப்பாங்க, அதனால இங்கேர்ந்து போர்டைத் தூக்கிக்கிட்டு ஃப்ளைட்ல போய் வீணா காசு அழாதீங்க. ஒரு மணி நேரக் கணக்குல எடுக்காம ஒரு வாரத்துக்குப் பேசுங்க, கம்மியா வரும், அடியில இருக்கற துடுப்பு, அதான் ஃபின், ஆடுதா, காலையும் போர்டையும் கட்டற லீஷ் கயித்தோட வெல்க்ரோ புடிக்குதான்னு பாத்து வாங்குங்க.

வெலிகமால குறைன்னா கூட்டம். டிசம்பர் கடைசி வாரம் எட்டு மணிக்கு மேல மாம்பலம் ரங்கநாதன் தெரு மாதிரி ஆயிடும், ஒரே அலைல ஏழு பேர் வருவாங்க, ஆறு பேருக்குத் திருப்பத் தெரியாது. அங்க அடிபடறதுன்னா பெரும்பாலும் அலையால இல்ல, அடுத்தவங்க போர்டாலதான். விழுந்தீங்கன்னா கையால தலையைப் பொத்திக்கிட்டே மேல வாங்க, கழண்டு ஓடற போர்டைக் கரைப்பக்கம் நின்னு தடுக்கப் பாக்காதீங்க, எப்பவும் உங்க போர்டை உங்களுக்கும் அலைக்கும் நடுவுல வெச்சுக்காதீங்க, அது உங்க மூஞ்சிலதான் வந்து விழும். கரைல பெரிய அஞ்சு நட்சத்திர ஹோட்டல் ஒண்ணு தெரியும், அதுக்கு முன்னாடியும் ஸ்கூல்ங்க இருக்கற பக்கமும்தான் நெரிசல், ஒரு பத்து நிமிஷம் கரையோரமா நடந்தா ஆள் குறையும். ரூம் புடிக்கும்போது இன்னொண்ணு, மெயின் ரோடு கடற்கரையை ஒட்டியே போகுது, அங்க பஸ் ஹாரன் நம்ம ஈசிஆர் ஹாரனுக்கு அண்ணன், அதனால ரோட்டைப் பாத்த ரூம் வேணாம், ரோட்டைத் தாண்டி சந்துக்குள்ள ரெண்டு மூணு வீடு தள்ளி குடும்பமா நடத்தற ஹோம்ஸ்டே பாருங்க, காலை சாப்பாடும் அங்கயே கிடைக்கும். காலை சாப்பாட்டை எட்டரை ஒன்பதுக்குக் கேளுங்க, ஆறு மணிக்கு ரெண்டு வாழைப்பழம் போதும்.

நாலு நாள் வெலிகமால நல்லா போச்சு, பச்சை அலை நீங்களே புடிக்கறீங்கன்னா மிச்ச நாளுக்கு மிடிகமா மாறுங்க, ஆறு கிலோமீட்டர் கூட இருக்காது. அங்க லேசி லெஃப்ட், லேசி ரைட்னு ரெண்டு அலை, பேருக்கு ஏத்த மாதிரி சோம்பேறி அலை, மெதுவா நீளமா போகும், கீழ ரீஃப் ஆனா அலை ஏறுற இடத்துல ஓரளவு ஆழம் இருக்கும். அதுக்குப் பக்கத்துலயே ராம்ஸ்னு ஒண்ணு இருக்கு, பாக்க அழகா குழாய் மாதிரி உடையும், பாறை ரொம்ப மேல இருக்கு, தயவு செஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க, நானே போக மாட்டேன். இன்னும் மேற்க போனா அகங்கம, கபலான. கபலானல வெளிய தி ராக்னு சொல்ற ரீஃப் அலை தெரிஞ்சவங்களுக்கு, உள்ள மணல் பக்கம் புதுசா கத்துக்கறவங்களும் நிப்பாங்க, ஆனா வெலிகமாவை விட அடி கொஞ்சம் பலமா இருக்கும். கம்பு நட்டு அது மேல உக்காந்து மீன் புடிக்கற படம் பாத்திருப்பீங்க இல்ல, அது இந்தக் கரைதான், இப்போ முக்கால்வாசிப் பேர் போட்டோவுக்குத்தான் உக்கார்றாங்க, எடுத்தா காசு கேப்பாங்க, குடுத்துடுங்க.

ரீஃப்ல இறங்கினா ஒரு விஷயம் பழக்கம் பண்ணிக்கோங்க, கால் ஊணாதீங்க. மணல்ல பழகினவங்களுக்கு விழுந்ததும் நிக்கணும்னு தோணும். எனக்கு வெலிகமாவுக்குப் பக்கத்துல மிரிஸ்ஸால சீ அர்ச்சின், அந்தக் கருப்பு முள்ளுப் பந்து, குதிகால்ல ஒன்பது முள்ளு ஏத்திடுச்சு, ட்ரிப் அன்னியோட முடிஞ்சுது, ஊருக்கு வந்தும் ஒரு வாரம் நொண்டினேன். விழும்போது தட்டையா, பாய்ல சாயற மாதிரி விழுங்க, போர்டு மேல ஏறி படுத்துட்டு அப்பறம் யோசிங்க. ரீஃப் கீறல் சின்னதா இருந்தாலும் நல்ல தண்ணில தேய்ச்சுக் கழுவி மருந்து போடுங்க, அந்த ஈரத்துல சீக்கிரம் சீழ் வெச்சுடும்.

ஹிக்கடுவ பத்தி நிறைய பேர் சொல்வாங்க. கொழும்புக்குக் கிட்ட, ஊர் பெருசு, ராத்திரி கூத்து, மெயின் ரீஃப் அருமையான அலை, நரிகம பக்கம் மணல் இருக்கு. மோசம் இல்ல, ஆனா உங்க லெவலுக்கு அங்க ஏறுற இடம் வெலிகமா மாதிரி மன்னிக்காது. போற வழில பெரலிய வரும். 2004 டிசம்பர் 26 சுனாமில ரயிலோட ஆயிரத்துக்கும் மேல பேர் போன இடம், ஞாபகச் சின்னமும் உயரமா ஒரு புத்தர் சிலையும் இருக்கு. நீங்க போற தேதிக்கு நடுவுல அந்த நாள் வருது, நம்ம பட்டினப்பாக்கம் கோவளம் எல்லாம் பாத்த அதே காலை, இறங்கி ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போங்க. கிழக்க ஹிரிகெட்டியன்னு குதிரை லாடம் மாதிரி ஒரு குட்டி வளைகுடா இருக்கு, பயங்கர அழகு, அழகுக்கு ஏத்த விலை, இடமும் சின்னது, ஒரு நாள் போய் பாத்துட்டு வாங்க.

இப்போ உங்க வீட்டுக்காரர். நீங்க அலைல இருக்கற ரெண்டு மணி நேரம் அவர் கரைல உக்காந்து போன் பாத்துக்கிட்டு இருந்தா மூணாவது நாளே சண்டை வரும், அனுபவத்துல சொல்றேன். அவருக்கும் முதல் ரெண்டு நாள் ஒரு க்ளாஸ் போடுங்க, வெலிகமால இடுப்புத் தண்ணிலயே கத்துத் தருவாங்க, பயம் தெளியலாம், தெளியலன்னா கட்டாயப்படுத்தாதீங்க. மிரிஸ்ஸாலேர்ந்து திமிங்கிலம் பாக்க போட் போகும், நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் நீலத் திமிங்கிலம் வர்ற காலம், குமட்டல் மாத்திரை போட்டுக்கிட்டு போகச் சொல்லுங்க. காலிக் கோட்டைக்கு ஒரு நாள் ரெண்டு பேரும் ரயில்ல போங்க. காலின்னதும் ஒண்ணுமில்லாத ஊருன்னு நினைச்சுக்காதீங்க, 1911ல அங்க ஒரு கல்வெட்டு கிடைச்சுது, சீனத் தளபதி செங் ஹோ 1409ல வெட்ட வெச்சது, சீனம், பாரசீகம், தமிழ்னு மூணு மொழி, அந்தத் தமிழ்ப் பகுதில தேவேந்திரமுனைப் பெருமாளைத் தெனவரை நாயனார்னு சொல்லியிருக்கு. கல்லு இப்போ கொழும்பு மியூசியத்துல இருக்கு, தேவேந்திரமுனை வெலிகமாலேர்ந்து மாத்தறை தாண்டிக் கொஞ்ச தூரம்தான், கலங்கரை விளக்கம் பாத்துட்டு வரலாம்.

போற வழி சொல்லிடறேன். சென்னைலேர்ந்து கொழும்பு ஒன்றரை மணி நேர ஃப்ளைட். நாகப்பட்டினம் காங்கேசன்துறை கப்பல் இருக்கேன்னு கேக்காதீங்க, மழைக்காலத்துல வழக்கமா நிறுத்திடுவாங்க, ஓடினாலும் அது தீவோட வடக்கு முனை, நீங்க போக வேண்டியது தெற்கு முனை. கட்டுநாயக்க ஏர்போர்ட்லேர்ந்து எக்ஸ்பிரஸ்வே வழியா கார்ல வெலிகமாவுக்கு ரெண்டரை மூணு மணி நேரம், ராத்திரி ஃப்ளைட்ல இறங்கினா இதுதான் சரி. பகல்ல இறங்கினா கொழும்பு கோட்டை ஸ்டேஷன் போய் மாத்தறை ரயில் புடிங்க, வலது பக்க ஜன்னல், பாதி தூரம் தண்டவாளத்துக்குப் பக்கத்துலயே கடல். திரும்பி வரும்போது ரயில் லேட்டாகும்னு வெச்சுக்கிட்டு கிளம்புங்க. விசாவுக்கு ஈடிஏன்னு ஒரு பயண அனுமதி ஆன்லைன்ல போடணும், அரசாங்க சைட்லயே போடுங்க, நடுவுல நிக்கற ஏஜென்ட் சைட்டெல்லாம் அதே மாதிரி முகம் காட்டும்.

தெற்குக் கரைல சிங்களம்தான், தமிழ் தெரிஞ்சவங்க அங்கங்க இருப்பாங்க, பேர்ப்பலகையெல்லாம் சிங்களம், தமிழ், இங்கிலீஷ்னு மூணு மொழிலயும் இருக்கும். சாப்பாட்டுக்குக் கவலையே இல்ல, இடியாப்பம், ஆப்பம், பருப்பு, அங்கயும் பரிப்புன்னுதான் சொல்றாங்க. நீங்க சைவம்னு போட்டிருந்தீங்க, அப்போ ஒண்ணு கவனமா கேட்டுக்கோங்க, பொல் சம்பல்ல, ஏன் சில காய்கறிக் கூட்டுலயே கூட மாசிக் கருவாட்டை இடிச்சுப் போடுவாங்க, உம்பலகட வேணாம்னு சொல்லுங்க, அந்த வார்த்தை சொன்னா புரியும். பௌர்ணமி அன்னிக்கு போயா, பொது விடுமுறை, எங்கயும் பீர் கிடைக்காது, உங்க வீட்டுக்காரருக்கு முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

தேதி மாத்த முடியும்னா கிறிஸ்துமஸ் வாரத்தை விட்டுட்டு பொங்கல் வாரத்துல போங்க. டிசம்பர் 20க்கு மேல ஜனவரி முதல் வாரம் வரைக்கும் ரூம் விலை ஏறி நிக்கும், ஐரோப்பாக்காரங்க பூரா அப்பதான் வருவாங்க. பொங்கல் சமயத்துல அலை அதே அலை, மழையும் இன்னும் கம்மி, தைப்பொங்கல் அங்கயும் அரசு விடுமுறைதான். மாத்த முடியலன்னா இன்னிக்கே புக் பண்ணுங்க, முதல் அஞ்சு நாள் வெலிகமா மட்டும், மிச்ச நாலு நாளை அங்க போய் முடிவு பண்ணுங்க, மிடிகமா போற அளவுக்கு வந்துட்டீங்களான்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஆறு வாரம் வாரத்துக்கு மூணு நாள் நீச்சல் குளம் போங்க, அண்ணா நகரோ வேளச்சேரியோ எது கிட்டயோ அது, மூணாவது நாள் தோள்பட்டை கைவிட்டா வெலிகமாவும் ஒண்ணு மெரினாவும் ஒண்ணு. முழுக்கை ராஷ் கார்ட், அதான் தண்ணில போடற இறுக்கமான சட்டை, ஜிங்க் சன்ஸ்க்ரீன் இங்கயே வாங்கிடுங்க, அங்க கடற்கரைக் கடைல ரெண்டு மடங்கு. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சர்ஃபிங் அதுல சேருதான்னு அந்த வரியைத் தேடிப் படிங்க.

அருகம்பே அட்வான்ஸ் கட்டியிருந்தா, கேன்சல் பண்ணி காசு கேக்காதீங்க, பெரும்பாலும் தர மாட்டாங்க, அதே காசுக்கு ஜூலைக்கு மாத்திக் குடுங்கன்னு கேளுங்க, சீசன் இல்லாத நேரத்துல ஆள் வர்றதை விட அவங்களுக்கும் அதுதான் வசதி. ஜூலைக்குள்ள நீங்களே அலை புடிக்க ஆரம்பிச்சுடுவீங்க, அங்க பேபி பாயிண்ட்னு ஒரு அலை இருக்கு, அதுல ஆரம்பிக்கலாம். நானும் ஜூலை ரெண்டாவது வாரம் அங்கதான் இருப்பேன்.